முறையும் விலையும்

1

1986-ஆம் ஆண்டில் மதுரைக்கு மேற்கேயுள்ள ஒரு சிறு நிலப்பகுதி இரண்டு வேறுபட்ட முகங்களுடன் ஆங்கில வாசகர்கள் முன் வந்து நின்றது. பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன் 1949-50 ஆண்டுகளில் பிறமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி எழுதிய பெருநூல் 1957-இல் பிரெஞ்சில் வெளியானது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு அவ்வாண்டில்தான் தில்லியிலிருந்து வெளிவந்தது. அதே 1986 ஜூன் மாதத்தில் ‘இந்தியா டுடே’ இதழ், உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைப் பற்றி முகப்புக் கட்டுரை வெளியிட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1985-இன் இறுதியில், ‘ஜூனியர் விகடன்’ இச்செய்தியைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லியிருந்தது.

ஒரே மண்ணையும் ஒரே மக்களையும் பற்றிய இரண்டு எழுத்துகள். துய்மோனின் நூலில் மகள் என்பவள் இரண்டு குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பிணைத்து வைக்கும் கண்ணி. அவள் வழியாகவே ஒருவனுக்கு மச்சானும், அவன் பிள்ளைக்குத் தாய்மாமனும் வாய்க்கிறார்கள். இதழின் கட்டுரையிலோ மகள் என்பவள் ஒரு குடும்பத்தால் தாங்க முடியாத செலவு. இந்த இரு சித்திரங்களுக்கும் இடையில் கழிந்தவை முப்பத்தைந்து ஆண்டுகள் மட்டுமே. ஒரு மனிதனின் பாதி வாழ்நாளில் இத்தனை பெரிய மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு சாதியின் குணம் பற்றிய விசாரணையாக இதை வாசிக்கக் கூடாது. அந்த மக்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று எழுதி வைத்த அரசு ஒன்று இங்கே இருந்தது. அந்த வேலையை நாமும் செய்ய வேண்டியதில்லை. நிலமும் நீரும் கூலியும் சட்டமும் மாறும்போது அண்ணன்-தங்கை, மாமன்-மருமகன், தாய்-மகள் ஆகிய மிக நெருக்கமான உறவுகளின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க முயல்கிறேன். இப்பகுதியைப் பற்றி விரிவான எழுத்துப் பதிவுகள் இருப்பதால் அதை இங்கே தெளிவாகப் பார்க்க முடிகிறது.

2

துய்மோன் கண்ட ஏற்பாட்டை விளங்கிக்கொள்ள ‘முறை’ என்னும் சொல்லிலிருந்து தொடங்கலாம். மதுரைச் சமவெளியில் புதிதாக ஒருவரைச் சந்திக்கும்போது, அவர் நமக்கு என்ன முறையாக வேண்டும் என்ற கேள்வி உடனே எழும். பங்காளிகள் ஒருபுறம், மாமன் மச்சான்மார் மறுபுறம் என உறவுலகம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பங்காளி வீட்டில் பெண் எடுக்க முடியாது. மாமன் மச்சான் வீட்டில் பெண் எடுக்கலாம் என்பதோடு நிற்காமல், எடுப்பது உரிமை என்றே கருதப்பட்டது. முறைப்பெண்ணை வேறிடத்தில் கொடுக்க நேர்ந்தால் முறை உள்ளவனிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். கேட்காமல் செய்த திருமணங்கள் பகையாக முற்றியதும் உண்டு.

துய்மோனின் முதன்மையான கண்டுபிடிப்பு இங்கேதான் இருக்கிறது. தாய்மாமனை அதுவரை ஐரோப்பிய அறிஞர்கள் தாய்வழி இரத்த உறவாகவே பார்த்து வந்தனர். மதுரைப் பக்கத்து மக்களின் சொற்களையும் சடங்குகளையும் கூர்ந்து கவனித்த துய்மோன், தாய்மாமன் என்பவர் முதலில் தந்தையின் மச்சான் என்றார். திருமணத்தால் உண்டாகும் சம்பந்தம் அந்தத் திருமணத்தோடு முடிந்துவிடுவதில்லை. நிலத்தைப் போல அதுவும் அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறது. தந்தைக்கு மச்சானாக இருந்தவர் மகனுக்கு மாமனாகிறார். மகன் அவருடைய மகளை மணந்தால் சம்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது. மானுடவியலில் பின்னர் நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட இக்கோட்பாட்டுக்கு ஆதாரம், நம் வீடுகளில் நாம் யோசிக்காமலே செய்துவந்த காரியங்கள்தாம்.

அந்தக் காரியங்களுக்குப் பெயர் செய்முறை. மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போடுவர். பெண் வீட்டார் அதை நகையாகவும் பாத்திரமாகவும் மகளோடு திருப்பி அனுப்புவர். பிறகு தலைப்பொங்கல், தலைத்தீபாவளி, ஆடி என வரிசையாகச் சீர் போகும். குழந்தை பிறந்தால் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். பெண் சமைந்தால் பச்சை ஓலைக் குடிசை கட்டுவதும் சீர் கொண்டுவருவதும் மாமன் பொறுப்பு. கடைசியில் அவள் இறக்கும்போது பிறந்த வீட்டிலிருந்து கோடித் துணி வந்தாக வேண்டும். அது வராமல் பிணம் எடுப்பதில்லை. ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுதும், அவள் பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்கு ஏதாவது ஒன்று சென்றுகொண்டே இருக்கிறது.

இதனுடன் மொய்யையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எனக்குச் செய்தவருக்கு நான் திருப்பிச் செய்ய வேண்டும், சற்றே கூட்டியும் செய்ய வேண்டும். அந்தக் கூடுதல் தொகைதான் அடுத்த சுற்றைத் தொடங்கி வைக்கிறது. மொய் நோட்டு ஒருபோதும் முடிவதில்லை. தந்தையின் நோட்டு மகனுக்கு வருகிறது. கணக்கை முற்றாகத் தீர்த்துக்கொள்வது இந்த வழக்கத்தின் நோக்கமே அன்று. தீர்ந்துவிட்டால் இனி நமக்குள் ஒன்றுமில்லை என்று பொருள்.

இதைப் பொற்காலமாகக் காட்டும் எண்ணம் எனக்கில்லை. உரிமை என்ற சொல்லை நாம் ஆணின் பக்கம் நின்றே பயன்படுத்துகிறோம். தன்னைவிட இருபது வயது மூத்த தாய்மாமனுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணிடம் அவளது விருப்பத்தைக் கேட்டவர் எவருமில்லை. பரிசம் என்பதும் பெண்ணுக்குக் கிடைத்த மதிப்பு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. அந்தப் பணம் அவள் கைக்கு வரவில்லை. ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு வெளிவாசல் இருந்தது. துரும்பு கொடுத்து மணவிலக்குச் செய்யும் வழக்கத்தை 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகள் குறிப்பிடுகின்றன. உறவினர் முன்னிலையில் ஒரு துரும்பைக் கொடுத்தால் தாலி உறவு முடிந்தது. அறுத்துக் கட்டுவது இழிவாகக் கருதப்படவில்லை. கழனி வேலையில் பெண்ணின் கை பாதிக்கு மேல் இருந்த ஊர்களில், அவளைப் பாரமென்று நினைக்க யாருக்கும் தோன்றியிருக்காது.

3

இந்த ஏற்பாடு வறண்ட நிலத்தில் வேர்கொண்டது என்பதை மறந்துவிடக் கூடாது. வைகை ஆண்டு முழுதும் ஓடும் ஆறன்று. மதுரைக்கு மேற்கே திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் கண்மாயும் மானாவாரியும்தான் பிழைப்பு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் இந்தச் சமவெளி கடுமையாக அடிபட்டது. இத்தகைய நிலத்தில் நடந்துபோகும் தொலைவில் மாமன் வீடும் மச்சான் வீடும் இருப்பது ஒருவகைக் காப்பீடு. விதைநெல், உழவு மாடு, வழக்கு வந்தால் ஆள் என எல்லாம் முறைக்காரர்களிடமிருந்தே வரவேண்டும். உறவுக்குள் பெண் கொடுத்து எடுத்ததற்குப் பாசம் காரணமாக இருந்ததைப் போலவே இந்தத் தேவையும் காரணமாக இருந்தது.

முதல் பெரிய மாற்றம் நீரால் வந்தது. 1886 அக்டோபரில் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தாகி, ஜான் பென்னிகுயிக்கின் பொறுப்பில் எழுந்த பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. மேற்கு நோக்கி ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்குத் திரும்பியது. பேரணையிலிருந்து பிரிந்த கால்வாய் மதுரைக்கு வடக்கிலும் மேலூர்ப் பக்கத்திலும் நெல் வயல்களை உண்டாக்கியது. ஆனால் மேற்கே மேட்டு நிலத்து ஊர்களுக்கு அந்த நீர் ஏறவில்லை. ஒரே சமவெளியில், ஒரே வகைப் பழக்கவழக்கங்கள் கொண்ட மக்களிடையே, நஞ்சைக்காரர் புஞ்சைக்காரர் என்ற வேறுபாடு முன்னிலும் ஆழமாக விழுந்தது.

இரண்டாவது மாற்றம் சட்டத்தால் வந்தது. ஊர்க்காவலும் அதற்கான கூலியும் மேற்கத்திக் கள்ளர்களின் பழைய வருவாய்களில் ஒன்று. காவல் நிலையமும் நீதிமன்றமும் வந்தபின் அரசின் கண்ணில் அந்தக் காவல் குற்றமாயிற்று. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ நாவலை வாசித்தவர்களுக்கு இந்தப் பின்னணி தெரிந்திருக்கும். 1911-இன் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1914 முதல் படிப்படியாக இவ்வூர்களின் மீது பாய்ந்தது. மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஆண்கள் பெயரைப் பதிந்து கைரேகை வைக்க வேண்டும். சந்தேகப்பட்டியலில் இருப்பவர்கள் இரவில் வீட்டில் படுக்க முடியாது, காவலர் கண்ணெதிரே படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் இச்சட்டத்திற்கு எதிராக இம்மக்களுக்காக வாதாடினார். கோட்டில் ரோஜாப்பூ செருகிக்கொள்ளும் அவரை மக்கள் ரோசாப்பூ துரை என்று அழைத்தார்கள். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது.

அரசியல் வரலாறாக இதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். உறவுகளின் வரலாறாக எழுதியவர்கள் குறைவு. கணவன் இரவில் வீட்டில் தங்க முடியாத ஊரில் இளம் மனைவியின் இல்லறம் எப்படி இருந்திருக்கும்? அக்காள் வீட்டுச் சாவுக்குக் கோடி கொண்டுபோக வேண்டிய தம்பி, காவல் நிலையத்தில் சீட்டுக்காகக் காத்து நின்றால் அந்தச் சடங்கு என்னவாகும்? சீட்டில்லாமல் ஊர் எல்லையைத் தாண்ட முடியாதவர்கள் பக்கத்து ஊரின் முறைக்காரர்களையே மேலும் நெருக்கமாகப் பற்றிக்கொண்டிருப்பார்கள் என்று ஊகிக்கத் தோன்றுகிறது. துய்மோன் வந்தபோது சட்டம் நீங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. மாறாத மரபு என்று அவர் நூலில் நமக்குத் தோன்றும் சில பகுதிகள், ஒரு தலைமுறைக்கும் மேலாகக் கதவடைத்து வைக்கப்பட்ட சமூகத்தின் இறுக்கமாகவும் இருக்கலாம்.

அதே சட்டத்தின் மறுபக்கமாக 1920 முதல் கள்ளர் சீரமைப்புத் துறை உருவாகி, ஊர்தோறும் பள்ளிகளும் பின்னர் விடுதிகளும் எழுந்தன. தண்டனையின் பக்கவிளைவாக வந்த அந்தப் பள்ளிகளிலிருந்து ஆசிரியர்களும் காவலர்களும் எழுத்தர்களும் படைவீரர்களும் உருவானார்கள். மாதச் சம்பளம் என்ற புதுமை இவ்வூர்களின் திருமணத்தை எவ்வாறு மாற்றியது என்பதைப் பார்க்க, முதலில் மதுரை நகருக்குள் போக வேண்டும்.

4

1875-இல் இரயில் மதுரைக்கு வந்தது. 1890-களின் தொடக்கத்தில் இரயில் நிலையத்திற்கு அருகே ஹார்வி சகோதரர்களின் பஞ்சாலை ஓடத் தொடங்கியது. மதுரா மில்ஸ் என்ற அந்நிறுவனத்தை மக்கள் ஹார்வி மில் என்றே அழைத்தார்கள். பின்னர் கருமுத்து தியாகராசரின் மீனாட்சி மில்லும் வேறு ஆலைகளும் எழுந்தன. மில் சங்கு ஊதும் நேரத்தில் ஆரப்பாளையமும் கரிமேடும் கண்விழித்தன. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து ஆட்கள் நடந்தும் பேருந்திலும் வந்து சேர்ந்தார்கள். திருப்பரங்குன்றத்திற்கு அருகில் ஆலைத் தொழிலாளர்களுக்கென்றே ஹார்விபட்டி உருவானது.

நிலத்தை நம்பிய வீட்டில் மகனின் எதிர்காலம் தந்தையின் கையில் இருந்தது. பாகம் பிரிக்கும்வரை அவன் தந்தைக்கு அடங்கியாக வேண்டும். எந்த வீட்டில் பெண் எடுப்பது என்பதையும் அவரே முடிவு செய்வார். ஆலைக்கூலி இந்தப் பிடியைத் தளர்த்தியது. சம்பளம் மகனின் பெயரில் வருகிறது. வாடகை வீட்டில் மனைவியோடு தனியே குடியிருக்கலாம். அண்டை வீட்டுக்காரன் வேறு ஊர், வேறு சாதி. ஆனால் ஒரே ஷிப்ட், ஒரே சங்கம். முறை சொல்லி அழைக்க வழியில்லாதவர்களையும் அண்ணன், மாமா என்றழைக்கும் நகரத்துப் பழக்கம் இங்கே வேரூன்றியது. இது ஒரு விடுதலைதான்.

ஆனால் அதே சம்பளம் மாப்பிள்ளையை வேறொரு பொருளாகவும் மாற்றியது. முன்பு முறை மாப்பிள்ளைகளிடையே பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கவில்லை. எல்லாரிடமும் சில குறுக்கம் புஞ்சை, ஓரிரு மாடு. அவர்களுள் எவனுக்குக் கொடுத்தாலும் பெண்ணின் வாழ்க்கை ஏறத்தாழ ஒன்றுதான். நிரந்தர வேலையுள்ள ஒருவனும் அது இல்லாத பத்துப் பேரும் என்ற நிலை வந்தபோது அந்த ஒருவனுக்குப் போட்டி எழுந்தது. அவனைப் பெற்றவர்கள் அவனது படிப்புக்குச் செலவழித்திருந்தார்கள், அந்தச் செலவை மீட்க விரும்பினார்கள். பெண்ணைப் பெற்றவர்களோ மழையை நம்பாத ஒரு வீட்டில் மகள் வாழ வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். இரண்டுமே நியாயமான விருப்பங்கள்தாம். இரண்டும் சந்தித்த இடத்தில் வரதட்சணை பிறந்தது.

சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1984-இல் வெளியான தம் சிறுநூலில் இதைத் தெளிவாகச் சொன்னார். நவீன வரதட்சணையைப் பழைய கன்னிகாதான மரபின் தொடர்ச்சியாகப் பார்ப்பது பிழை. பணப்பொருளாதாரமும் கல்வியும் நிரந்தரச் சம்பள வேலைகளும் பெற்ற பிள்ளை அது என்பது அவர் வாதம். தமிழ்நாட்டில் இது முதலில் பிராமணர், நகர்ப்புற மேல்தட்டினர் இடையே பரவிப் பின்னர் கீழிறங்கியது. பரிசம் போடும் வழக்கம் நாகரிகமற்றது, பெண்ணை விற்பது போன்றது என்ற வெட்கமும் அதனோடு சேர்ந்து இறங்கியது. பரிசத்தை விட்டவர்கள் தாங்கள் முன்னேறிவிட்டதாக நம்பினார்கள்.

5

மேற்கத்தி ஊர்களில் இந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது மறுபடியும் நீர்தான். 1959 ஜனவரியில் முதலமைச்சர் காமராசர் வைகை அணையைத் திறந்து வைத்தார். திருமங்கலம் பிரதான கால்வாய் வழியே வைகையின் வலப்புறத்தில் சில பகுதிகள் பாசனம் பெற்றன. அடுத்த இருபதாண்டுகளில் மின் பம்புசெட்டும் வீரிய நெல்லும் உரமும் வந்தன. கரும்பும் பருத்தியும் ரொக்கப் பணமாயின. கால்வாய்க்குக் கீழே இருந்தவன் பணக்காரனானான். மேட்டில் இருந்தவன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேட்டு நிலத்துக்கும் நீர் வேண்டும் என்ற கோரிக்கையிலிருந்து பிறந்த 58 கிராமக் கால்வாயில் 2018-இல்தான் சோதனையாக நீர் விட முடிந்தது.

இந்தக் கட்டத்தைத்தான் பெண் சிசுக்கொலை பற்றி ஆராய்ந்தவர்களில் பலர் திருப்புமுனையாகச் சுட்டுகிறார்கள். புதுப்பணம் வந்த வீடுகள் மகளின் திருமணத்தில் தம் உயர்வைக் காட்டின. பவுன் கணக்கு வந்தது. பாத்திரம், கட்டில், பீரோ, பின்னர் மோட்டார் சைக்கிள் எனப் பட்டியல் நீண்டது. ஒரே சாதிக்குள், ஒரே முறைக்குள், கால்வாய்க்காரன் செய்ததை மேட்டுக்காரனும் செய்தாக வேண்டியிருந்தது. செய்யாவிட்டால் தன் அக்காள் மகனேகூட வேறிடத்தில் பெண் எடுத்துவிடுவான்.

இந்தக் கடைசி வரியில்தான் ஒட்டுமொத்த மாற்றமும் அடங்கியிருக்கிறது. முறை இருந்தது, ஆனால் அதற்கு மேல் விலை வந்து அமர்ந்துகொண்டது. முறைப்பையன் முறையை விட்டுக்கொடுக்கக் கேட்கும் தொகை ஒன்றும், முறையைக் காப்பாற்றக் கேட்கும் தொகை ஒன்றும் என உறவே பேரத்தின் மொழியில் பேசத் தொடங்கியது. திருச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றை ஆராய்ந்த கரின் கபாடியா 1995-இல் வெளியான தம் நூலில் இதே போக்கைக் காட்டுகிறார்: ஆண்களுக்குப் படிப்பும் நகர வேலையும் கிடைக்கக் கிடைக்க, முறைத் திருமணம் குறைந்து அந்நியத் திருமணமும் வரதட்சணையும் கூடின, அதற்கேற்பப் பெண்ணின் மதிப்பு இறங்கியது.

பழைய செய்முறைக்கும் வரதட்சணைக்கும் உள்ள வேறுபாடு தொகையில் மட்டும் இல்லை. செய்முறை ஐம்பது ஆண்டுகளில் சிறுகச் சிறுகச் செல்வது. விளைந்த ஆண்டில் கூடவும், பொய்த்த ஆண்டில் குறையவும் அதில் இடமுண்டு. உனக்கு இன்று இயலவில்லை, பிறகு செய் என்று மச்சான் சொல்லலாம். வரதட்சணை தாலி கட்டும் முன் மொத்தமாகத் தீர்க்க வேண்டிய கணக்கு. தாய்மாமன் சீர் ஒழிந்து வரதட்சணை வந்திருந்தாலாவது ஒரு சுமைக்குப் பதில் வேறொரு சுமை என்று ஆகியிருக்கும். இங்கே பழையது போகாமலே புதியது வந்து சேர்ந்தது. மகளைப் பெற்றவன் திருமணத்தன்று விலையும் கொடுக்க வேண்டும். பிறகு வாழ்நாள் முழுதும் சீரும் செய்ய வேண்டும். அதேபோல அறுத்துக் கட்டும் வழக்கமும் கௌரவக் குறைவாக மாறியது. பெரும் தொகை கொடுத்து முடித்த திருமணத்தை ஒரு துரும்பால் முடித்துக்கொள்ள முடியாது. உள்ளே போக விலை ஏறியபோது வெளிவாசலும் மூடிக்கொண்டது.

6

இரண்டாவது, மூன்றாவது பெண் குழந்தை பிறந்த வீட்டின் முன் இந்தக் கணக்கு வந்து நின்றபோது நடந்ததை 1986-இல் நாடு முழுதும் படித்தது. உசிலம்பட்டி என்பது ஓர் ஊரின் பெயராக இருந்தது போய் ஒரு வசைச்சொல்லானது. கள்ளிப்பால் என்ற சொல் திரைப்படங்களிலும் மேடைகளிலும் நிலைபெற்றது. 1994-இல் பாரதிராஜா ‘கருத்தம்மா’வை எடுத்தார். 1992-இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கி, 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல் போன்ற மாவட்டங்களுக்கும் விரிவாக்கியது. வழக்குகள் பதிவானபோது குற்றவாளிக் கூண்டில் நின்றவர் பெரும்பாலும் தாய்தான். விலையைக் கேட்டவரும், சீரின் அளவைத் தீர்மானித்தவரும், மொய் நோட்டைப் பராமரித்தவரும் அங்கே இல்லை.

இத்தகைய கணக்கு தொட்டிலுக்குள் நுழைவது நம் மண்ணில் மட்டும் நடந்ததில்லை. ஹங்கேரியின் தெற்கே டிராவா ஆற்றங்கரையில் ஓர்மான்ஷாக் என்றொரு வட்டாரம் உண்டு. 1848-இல் பண்ணையடிமை முறை ஒழிந்து நிலம் பெற்ற கால்வினிய உழவர்கள் வாழ்ந்த பகுதி. சுற்றிலும் பெருநிலவுடைமைகள் இருந்ததால் அவர்களுக்குப் புது நிலம் வாங்க வழியில்லை. உள்ள நிலம் துண்டாகிவிடக் கூடாது என்பதற்காக வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளை என்ற வழக்கம் அங்கே இறுகியது. இளம் மனைவி இரண்டாவது முறை கருவுற்றால் மாமியாரின் கண்டிப்பும் ஊரின் ஏளனமும் காத்திருந்தன. கருக்கலைப்பில் பெண்கள் இறந்தார்கள். 1933-இல் அவ்வட்டாரத்தைப் பார்த்துவிட்டு எழுத்தாளர் ஜூலா இய்யேஷ் எழுதிய கட்டுரை ஹங்கேரியில் பெரும் விவாதத்தை உண்டாக்கியது. நிலத்தைக் காப்பதற்காகப் பிள்ளைகளைக் குறைத்த ஊர்களில், கடைசியில் அந்த நிலத்தை உழப் பிள்ளைகள் இல்லாமற் போயினர். அங்கே நிலம், இங்கே பவுன். இரண்டு இடத்திலும் முடிவு வீட்டுக்குள் பெண்ணின் உடல் மீது நிறைவேற்றப்பட்டது. அம்முடிவை உண்டாக்கிய பொருளாதாரம் வெளியே கண்ணுக்குத் தெரியாமல் நின்றது.

இதை ஒரு வட்டாரத்தின் கொடூரமாக மட்டும் பார்த்தவர்களுக்கு அடுத்து வந்த ஆண்டுகள் விடை சொல்லின. கருவிலேயே பாலினம் கண்டறிவதைத் தடைசெய்ய 1994-இல் மைய அரசு சட்டம் இயற்ற வேண்டி வந்தது. ஸ்கேன் மையங்களுக்குச் சென்றவர்கள் படித்தவர்களும் நகரத்தவர்களும்கூட. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1981-இல் 967 பெண் குழந்தைகள் இருந்தனர். 1991-இல் 948 ஆகவும் 2001-இல் 942 ஆகவும் இறங்கி, 2011-இல் 943 ஆக நின்றது. ஒரு வட்டாரத்தால் மட்டும் இந்த எண்ணிக்கை விழுந்துவிடாது.

7

இன்று அதே ஊர்களில் பெண்கள் கல்லூரிக்குப் போகிறார்கள். முறைத் திருமணம் குறைந்திருக்கிறது, ஆயினும் மறையவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 28 சதவீதத் திருமணங்கள் இன்னும் உறவுக்குள் நடந்தவை. இந்திய மாநிலங்களில் இதுவே மிக அதிகம். மாமன் சீர் மேளதாளத்தோடும் வெடியோடும் தட்டுகளின் எண்ணிக்கையோடும் வருகிறது, ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுகிறது. மொய் கணினியில் ஏறி, கொடுத்தவர் கையில் ரசீது தரப்படுகிறது. போட்ட மொய்யைத் திரும்பப் பெறுவதற்காகவே விழா வைப்பவர்களும் உண்டு. தீராமல் ஓட வேண்டிய கணக்கு மெல்ல வசூலாக மாறிக்கொண்டிருக்கிறது.

இருபது ஆண்டுகளுக்கு முன் கோவை, திருப்பூர், திண்டுக்கல் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயர் பரவலாகப் புழங்கியது. இளம்பெண்கள் ஆலை விடுதியிலேயே தங்கி மூன்று ஆண்டுகள் வேலை செய்தால் இறுதியில் ஒரு மொத்தத் தொகை கிடைக்கும். அதைத் திருமணத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது வாக்குறுதி. தென்மாவட்ட ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் போனார்கள். தன் விலையைத் தானே உழைத்துச் சேர்க்க மகள் ஆலைக்குப் போகும் நிலை வந்ததை, பரிசம் போட்ட காலத்து முன்னோர் எவரிடமும் விளக்கியிருக்க முடியாது.

சட்டம் பெண்களுக்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறது. 1989-இல் தமிழ்நாடு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அதுவரை மணமாகாதிருந்த மகள்களுக்கும் மகன்களைப் போலப் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்தது. 2005-இல் மைய அரசின் திருத்தம் அதை நாடு முழுவதற்கும் எல்லா மகள்களுக்கும் விரிவாக்கியது. வரதட்சணைக்கு எதிரான மெய்யான மாற்று இதுதான்: மகளுக்குச் சேர வேண்டியது மாப்பிள்ளை கைக்குப் போகாமல் அவள் பெயரிலேயே நிலமாக நிற்பது. ஆனால் பத்திரப் பதிவு அலுவலகங்களில் நடப்பதை அறிந்தவர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரியும். தந்தை இறந்தபின் அக்காள் தங்கைமார் வந்து, தம் பங்கைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுகிறார்கள். வற்புறுத்தல் இல்லாமலும் அது நடக்கிறது. பங்கைக் கேட்டால் அண்ணன் முகம் திரும்பிவிடும். நாளை மகளின் சடங்குக்கு மாமன் சீர் வராது. தனக்குக் கோடி போட ஆள் வராது. அந்தப் பயம் வெறும் கற்பனை என்று அவர்களிடம் சொல்லிவிட முடியாது.

ஆக, பழைய ஏற்பாட்டின் மிக மென்மையான இழையான அண்ணன்-தங்கை பாசமே, புதிய சட்டம் கொடுத்ததை அவள் கையிலிருந்து திரும்பப் பெறுகிறது. விலை கேட்கும்போது சந்தையின் மொழியில் பேசும் உறவு, பங்கு கேட்கும்போது மட்டும் பாசத்தின் மொழிக்கு மாறிக்கொள்கிறது. நீரும் ஆலையும் பள்ளியும் சட்டமும் எவ்வளவோ மாற்றிய பிறகும் இரண்டு மொழிகளிலும் கணக்கெழுதுபவர் ஒருவராகவே இருக்கிறார். அந்தப் பெண்கள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்திடும் தாளுக்கு நம் ஆவண மொழியில் உள்ள பெயர் விடுதலைப் பத்திரம்.